1080பி-ன்னு போட்டா போதுமா பாஸ்?

'மச்சி, என்னோடது 1080பி. ஆனா மழை ஃபைட்ல மட்டும் உன் பழைய டிவிடி பளிச்னு இருக்கே, எப்படிடா?' ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கும் பஞ்சாயத்து இது. நம்பருக்கு மயங்குற கூட்டமாச்சே நாம!

1080பி-ன்னா ஒரு ஃபிரேமில் குறுக்கே 1920, மேலிருந்து கீழே 1080 புள்ளிகள். பெருக்கினா 20,73,600 பிக்சல். தட்டு எவ்வளவு பெரிசுன்னுதான் அது சொல்லும். சோறு எவ்வளவுன்னு சொல்லாது.

கொஞ்சம் கணக்கு. பிக்சலுக்கு 3 பைட், செகண்டுக்கு 24 ஃபிரேம்னு வெச்சா, ஒரு செகண்டுக்கே சுமார் 149 எம்பி. இரண்டரை மணி நேரப் படம் 1,300 ஜிபியைத் தாண்டும். உங்க கையில இருக்கிற ஃபைலோ வெறும் 1.4 ஜிபி. கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு பங்கு!

மிச்சத்தை முழுங்கினது கம்ப்ரஷன். முந்தின ஃபிரேமில் இருந்த சுவர் இதிலும் அப்படியே இருந்தா, 'மேற்படி'ன்னு எழுதிட்டுப் போயிடும். பலே கில்லாடி! ஆனா மழை பெய்தா, கலர் பேப்பர் பறந்தா, ஒவ்வொரு ஃபிரேமும் புதுசு. 'மேற்படி' செல்லாது. அப்பதான் முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையும்.

அதனால பார்க்க வேண்டியது பிட் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டா. அந்த 1.4 ஜிபி ஃபைலுக்கு, சவுண்டையும் சேர்த்தே, சுமார் 1.2 மெகாபிட்தான் தேறும். அந்தக் காலத்து விசிடியே வீடியோவுக்கு 1.15 கொடுத்தது, அதுவும் 352-க்கு 288 புள்ளிக்கு! இன்னிக்கு கோடெக்குகள் ரொம்பப் புத்திசாலி, அதான் ஓரளவு சமாளிக்குது. டிவிடிக்குப் புள்ளி கம்மி, ஆனா 9.8 மெகாபிட் வரை அனுமதி உண்டு. விண்டோஸில் ஃபைலை ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனா பிட் ரேட் தெரியும்.

எங்க டிபார்ட்மென்ட் பசங்க கல்ச்சுரல்ஸுக்கு ஒரு குறும்படம் எடுத்தாங்க. மூணு ராத்திரி தூக்கமில்லை. 4கே-வில் ஷூட் பண்ணி, கிளிப்பை எல்லாம் சாட்டிங் ஆப்ல வீடியோவா எடிட்டருக்கு அனுப்பிட்டாங்க. ஆப் அதைச் சுருக்கிடுச்சு. எடிட்டர் திரும்ப 4கே-ன்னே எக்ஸ்போர்ட் பண்ணார். போன்ல பார்த்தப்ப சூப்பர். ஆடிட்டோரியம் திரையில ஹீரோயினோட கண்ணீர்கூட கட்டமாத்தான் விழுந்தது. ஒரிஜினல்? போன்ல இடமில்லைன்னு அன்னிக்கே அழிச்சாச்சு.

பென் டிரைவ்ல கொடுங்க, இல்லைன்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. போய்ச் சேர்ந்த ஃபைல் சைஸும் உங்க சைஸும் ஒண்ணான்னு பார்த்துட்டு, அப்புறமா டெலிட் பட்டன்ல கை வைங்க!