கடமையா? கடனா?

'புகையைக் குறை' என்று ஏழை நாடுகளுக்குப் புத்திமதி கூறுகின்றன பணக்கார நாடுகள். புகையைக் குவித்தவர் யார்? தொழிற்புரட்சி தொட்டு இன்றுவரை உலகம் கக்கிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது! இன்றும் ஆண்டுக்கு அமெரிக்கர் ஒருவரின் பங்கு சுமார் 14 டன். இந்தியர் ஒருவரின் பங்கு 2 டன் அளவே.

பொறுப்பு எல்லோர்க்கும் உண்டு, ஆனால் சுமை சமமன்று என்று 1992-இல் ரியோவில் ஒப்புக்கொண்டார்கள். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்தார்கள். வாக்கு நிறைவேறியது 2022-இல்! அதிலும் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவனே கூரை வேயக் கடன்பத்திரம் நீட்டும் கொடுமையை என்னென்பது!

2024-இல் பாகூ மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் 30,000 கோடி என்று பதில் வந்தது.

புகை குறையத்தான் வேண்டும். ஆலைப் புகையை முதலில் சுவாசிப்பவன் தொழிலாளி. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது பிச்சையன்று, கடனுமன்று. செய்த கேட்டுக்கு ஈடு. அதைத் தருவது அவர்கள் கடமை!