நஷ்டத்துக்கும் கெடு உண்டு

"வரி கட்டுற அளவுக்கு வருமானமே இல்ல தம்பி, இந்த வருஷம் பூரா நஷ்டம். அதுக்கு எதுக்கு ரிட்டர்ன்?" பைங்கன்வாடியில் பை தைக்கும் கர்கானா நடத்தும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் கேட்டார். மும்பை கோவண்டியில் இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடிகளில் இப்படி எத்தனையோ பேர். கூட்டாளி கிடையாது, கம்பெனி கிடையாது. தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே பான் கார்டு. லாபம் வந்தால் ஆடிட்டரைத் தேடுவார்கள், நஷ்டம் வந்தால் தேட மாட்டார்கள். நஷ்டப்பட்ட வருஷத்தில்தான் முதலில் தேட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தொழில் நஷ்டத்தை அடுத்த எட்டு மதிப்பீட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய், தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ள விடுகிறது. பை தைத்து நஷ்டப்பட்டவர் அதை மூடிவிட்டு ஜரி வேலைக்கு மாறினாலும் பரவாயில்லை. அதே தொழில் தொடர வேண்டும் என்ற நிபந்தனை 2000-01 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. ஆனால் 80-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்தான் இந்தச் சலுகை. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் எட்டு ஆண்டும் கெடுவும் அப்படியே இருக்கின்றன.

அண்ணாச்சிக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். 2024-25 நிதியாண்டில் 2 லட்சம் நஷ்டம், அடுத்த வருஷம் பெரிய ஆர்டர் கிடைத்து 14 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்து ரிட்டர்னை, தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட கெடுவான 2025 செப்டம்பர் 16-க்குள் போட்டிருந்தால், 14-இல் 2 கழிந்து 12 லட்சம். புதிய வரித் திட்டத்தில் வரி ஒரு பைசா இல்லை. டிசம்பரில் போட்டிருந்தால் ரிட்டர்ன் செல்லும், நஷ்டம் செல்லாது. 14 லட்சத்துக்கும் வரி வரும். செஸ் சேர்த்து 93,600 ரூபாய். லாபம் 12 லட்சத்துக்குக் கீழேயே நின்றாலும் நஷ்டம் அதில்தான் முதலில் கழியும். நல்ல வருஷத்துக்கென்று ஒதுக்கி வைக்க முடியாது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இயந்திரத் தேய்மானத்தில் கழிபடாமல் நிற்கும் தொகைக்கு எட்டு ஆண்டு வரம்பும் இல்லை, ரிட்டர்ன் தாமதமானாலும் அது போய்விடாது. கூலியாலும் வாடகையாலும், வசூலாகாத பாக்கியாலும் வந்த நஷ்டம்தான் ஒரு நாள் பிந்தினாலும் போய்விடுகிறது. பெரிய மிஷின் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு. பத்து பேருக்குக் கூலி கொடுத்து நொடித்தவருக்கு இல்லை. இது அநியாயம், மாற்ற வேண்டும்.

கெடுவைவிட அதிகமாகக் காவு வாங்குவது இன்னொன்று. ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர் கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார். விற்றுமுதலில் எட்டு சதவீதம், பணம் வங்கி வழியே வந்திருந்தால் ஆறு சதவீதம் லாபம் என்று ஐடிஆர்-4 படிவத்தில் போட்டு முடித்துவிடுவார். 1961 சட்டத்தின் 44ஏடி பிரிவு அனுமதிக்கும் சுலப வழிதான். ஆனால் நஷ்டம் அடைந்தவரை அது லாபக்காரராக்கிவிடும். நஷ்டத்தைக் காட்ட ஐடிஆர்-3 வேண்டும், பில்லும் கூலிக் கணக்கும் வேண்டும். 44ஏடியில் இருப்பவர் ஐந்து ஆண்டுக்குள் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டு திரும்ப நுழைய முடியாது என்பதால், விவரம் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

கெடு தவறிவிட்டதா? 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரி வருமான வரி ஆணையருக்கு மனுப் போடலாம். 2024 அக்டோபர் 1-இல் வந்த சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் போட வேண்டும். உடம்புக்கு முடியாமல் கிடந்திருந்தால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, கடையில் தீப்பிடித்திருந்தால் தீயணைப்புத் துறைச் சான்று. நியாயமான காரணத்துக்குத் தாள் வேண்டும். அண்ணாச்சியிடம் அப்படிக் காரணம் ஏதும் இல்லை. ஆகவே கூலி நோட்டையும் ரெக்ஸின் பில்களையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஆடிட்டரிடம் போகச் சொன்னேன். அவருக்குக் கெடு இன்னும் தாண்டவில்லை.