செருமானியப் பொழுதுச் சொற்களும் தமிழ்வழிப் பயிற்சியும்

பிறமொழி பயில்வார்க்குத் தாய்மொழியே ஏணி. இவ்வுண்மையை மறந்து, செருமானியத்தையும் ஆங்கிலத்தின் தோள்மீது ஏறியே எட்ட வேண்டுமென நம் மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை என்பதற்குப் பொழுதைக் குறிக்கும் சொற்களே போதிய சான்று.

நடுவும் பகலும் கூடியது 'மிட்டாக்'. நள்ளும் பகலும் கூடியது நம் நண்பகல். இரவின் நடு 'மிட்டர்நாக்டு'; நமக்கு அது நள்ளிரவு. நண்பகற்கு முன் 'போர்மிட்டாக்', பின் 'நாக்மிட்டாக்'. முற்பகலும் பிற்பகலும் அறிந்த சிறுவனுக்கு இவற்றில் நெட்டுருச் செய்ய என்ன இருக்கிறது? ஆங்கிலத்து 'நூன்' வழியே செல்வானுக்கு இவ்வொளி கிட்டாது. அச்சொல் ஒன்பதாம் மணியைக் குறித்த இலத்தீன் சொல்லின் திரிபு. நடுவையும் காட்டாது, பகலையும் காட்டாது.

'ஆபெண்டு' என்பதற்கு அகரமுதலி 'மாலை' எனப் பொருள் கூறும். ஆனால் நாம் இரவு எட்டு மணி என்பதைச் செருமானியர் 'ஆபெண்டு' எட்டு மணி என்பர். குழம்புவோர் நம் பொருளிலக்கணத்தைத் திறந்து காண்க. சிறுபொழுது ஆறனுள் மாலையாவது, கதிர் மறைந்தபின் வரும் 10 நாழிகை. இற்றைக் கணக்கில் 6 மணி முதல் 10 மணி வரை. 'ஆபெண்டு' பெரும்பாலும் அம்மாலையே.

'மோர்கன்' காலையையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். ஒரு காலைப்பொழுதில் ஏர் உழும் அளவினதாகிய நிலத்துக்கும் அதுவே பழம்பெயர். உழவர் மொழியை உழவர் மொழியாலன்றோ உணர்தல் எளிது!

இனி 'அல்பு ஆக்டு'. சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு'. ஆங்கிலேயர் பேச்சில் அவ்வாறு சொன்னால் எட்டரை, செருமானியத்திலோ ஏழரை! ஆங்கிலக் காதோடு கேட்டவன் ஒரு மணிநேரம் பிந்துவான். தொடர்வண்டி அவனுக்காகக் காத்திராது. ஏழாண்டு நிரம்பிய குழந்தைக்கு 'எட்டாம் அகவை நடக்கிறது' என்கிறோமல்லவா? அதுபோல எட்டாம் மணியில் பாதி நடந்தது என்பதே இதன் பொருள். தமிழில் விளக்கினால் ஒரு நொடியில் விளங்கும்.

மணியைக் குறிக்கும் 'ஊர்' என்னும் சொல்லைச் செருமானியர் இலத்தீன் வழியே கடன்கொண்டனர். ஆனால் காலை, பகல், மாலை, இரவு ஆகியவற்றுக்குத் தம் சொற்களையே வழங்குகின்றனர். நம்மவரோ 'ஈவினிங்' வருவதாகக் கூறிவிட்டு, 'ஆபெண்டு' கற்கச் செல்கின்றனர்!

எம்மொழியையும் கற்க, தடையில்லை. ஆயின் தமிழ்வழிக் கற்க. பயிற்றுநர்காள், செருமானியத்துக்கும் தமிழுக்கும் நேரே பாலம் இடுமின். இடையே மூன்றாம் மொழிக்குச் சுங்கம் செலுத்த வேண்டா.