எரியும் மண்ணும்

மஹய்யாவ மயானத்தைக் கடக்குந்தோறும் எமக்கு 2020ஆம் ஆண்டு நினைவில் எழும். கோவிட் நோயால் மாண்டோரை எரித்தே தீரவேண்டுமென அவ்வாண்டு ஏப்ரலில் அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கலாமென உலக சுகாதார நிறுவனம் உரைத்திருந்தும், நிலத்தடி நீர் கெடுமென்றனர், சான்று காட்டினாரில்லை. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் பெற்றோர் இசைவின்றி எரியூட்டப்பெற்றது. அதே மாதம், காளி அருளியதென்று ஒருவர் காய்ச்சிய பாணியைச் சுகாதார அமைச்சர் பலரறியப் பருகினார். ஜனவரியில் அவருக்கே நோய் கண்டது. பாணிக்குச் சான்று வேண்டாதார் மண்ணுக்கு மட்டும் வேண்டினர் போலும்! பௌத்த காப்பியமாகிய மணிமேகலையோ, புகார் நகரத்துச் சுடுகாட்டைக் கூறுமிடத்து எரிப்போரையும் புதைப்போரையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. 2021 பெப்ரவரியில் தடை நீங்கிற்று. ஆயினும் அடக்கத்திற்கு முதலில் வாய்த்தது தொலைவிலுள்ள ஓட்டமாவடி ஒன்றே. மன்னிப்புக் கோர அமைச்சரவை இசைந்ததோ 2024 ஜூலையில்.