கிலோ சொல்வார்கள், மைலேஜ் சொல்ல மாட்டார்கள்

முன்குறிப்பு: கொஞ்சம் கோபத்தில் எழுதியது. நடுவில் கணக்கு வரும். ப்ளஸ் டூ இயற்பியல் போதும், பயப்பட வேண்டாம் :-)

போன வசந்த விடுமுறையில் நாங்கள் நாலு பேர் அமெரிக்காவின் டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்து மோவாபுக்குப் போனோம். சீனியர் அண்ணா ஒருவரின் பெரிய எஸ்யூவி, அதன் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு டிராவல் டிரெய்லர். தெரியாதவர்களுக்கு: கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்து, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு அது. நம்ம ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காரும், தானே ஓடும் வண்டி. இது தானாக ஓடாது, இழுத்தால்தான் வரும்.

கணக்குப்பிள்ளை நான்தான். அந்த எஸ்யூவிக்கு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று அதிகாரபூர்வ எண் இருந்தது. பின்னால் ஒன்று தொங்குகிறதே என்று பெரிய மனது பண்ணி 8 என்று வைத்தேன். மொத்தம் 1,200 கிலோமீட்டர், 150 லிட்டர், நாலாக வகுத்து வசூல். ஊர் திரும்பி ரசீதுகளைக் கூட்டினால் 285 லிட்டர்! லிட்டருக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். மூன்றாம் நாளே பொதுப்பணம் காலி, மிச்சம் எல்லாம் கிரெடிட் கார்டில் ஓடியது. எங்களில் ஒருவன் அந்த மாத மளிகைக் காசை எடுத்துக் கொடுத்திருந்தான். "நீ சொன்னதை நம்பித்தானடா கொடுத்தேன்" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் உட்கார்ந்து தேடியதில் ஒன்று புரிந்தது. தப்புக் கணக்கு போட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் சரியான கணக்கு போடத் தேவையான எண்ணை எந்த இடத்திலும் யாரும் எழுதி வைக்கவே இல்லை. டிரெய்லர் விற்கிறவர், வாடகைக்கு விடுகிறவர், வண்டி செய்கிறவர் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: எத்தனை கிலோ இழுக்கலாம். எங்கள் எஸ்யூவி 3,500 கிலோ இழுக்குமாம், எங்கள் டிரெய்லர் 2,500 தான். "தாராளமாப் போகலாம்" என்றார் வாடகைக்காரர். தாராளமாகத்தான் போனது, பெட்ரோல்.

கிளம்பும்போது நடந்த பேச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மச்சி, தண்ணித் தொட்டியைக் காலி பண்ணிட்டுப் போலாம்டா. 150 லிட்டர், 150 கிலோ. வெயிட் குறைஞ்சா மைலேஜ் கூடும்."

காலி பண்ணினோம். பிறகு 67 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில் பறந்தோம். கடுகு போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு பூசணிக்காயைக் கோட்டை விட்ட கதை. எப்படி என்று பாருங்கள்.

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது வண்டியைப் பிடித்து இழுப்பவை இரண்டு. ஒன்று டயர் உருளும்போது வரும் தடை. இது எடையைப் பொறுத்தது, ஏறக்குறைய எடையில் நூற்றில் ஒரு பங்கு. 2,500 கிலோ டிரெய்லருக்குச் சுமார் 245 நியூட்டன். இன்னொன்று காற்றுத் தடை. இதற்கு எடை ஒரு பொருட்டே இல்லை. முகப்பு எவ்வளவு அகலம், உயரம், என்ன வடிவம், என்ன வேகம் என்பதுதான் முக்கியம். அதுவும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு.

முகப்பரப்பையும் வடிவத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது வழக்கம். பெரிய எஸ்யூவிக்கு அதை 1.1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அடி அகலத்தில், எஸ்யூவியின் கூரைக்கு மேல் எழுந்து நிற்கும் ஒரு தட்டையான பெட்டியைப் பின்னால் மாட்டினால் மொத்தம் 3 ஆகிறது என்பது என் ஊகம். 108 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லரால் கூடும் காற்றுத் தடை மட்டும் 1,000 நியூட்டனைத் தாண்டுகிறது. டயர் தடையைப் போல நாலு மடங்கு!

"அப்ப மலை ஏத்தம்?" என்று கேட்பீர்கள். நியாயம். ஏற்றத்தில் எடைதான் ராஜா. டென்வர் 1,600 மீட்டர் உயரம், வழியில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர். 2,500 கிலோவை 1,000 மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 24.5 மெகாஜூல். எஞ்சினின் வீணடிப்பையும் சேர்த்தால் இரண்டரை லிட்டர் பெட்ரோல். போக வர ஏறிய ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் டிரெய்லரின் பங்குக்கு 14 லிட்டர் பக்கம் வருகிறது. அதே முறையில் 1,200 கிலோமீட்டருக்கும் டயர் தடைக்கு 29 லிட்டர். காற்றுக்கு 105 லிட்டர் (கொலராடோ உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிசு என்பதால் 15 சதவீதம் கழித்துவிட்டேன்). ஆக மொத்தம் 148. டிரெய்லர் இல்லாமல் போயிருந்தால் ஆகியிருக்கும் 133-க்கு மேல் நாங்கள் எரித்தது சுமார் 150. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டமும் உண்டு, பாதி எண்கள் ஊகம்தானே. ஆனால் பங்கு பிரிந்த விதத்தைப் பாருங்கள்: கூடுதலாக எரிந்ததில் பத்தில் ஏழு பங்கு காற்றுக்குப் போயிருக்கிறது.

150 கிலோ தண்ணீரைக் கொட்டியதில் எங்களுக்கு மிச்சம் 1 சதவீதம்கூட இல்லை. அதே தண்ணீரோடு 90 கிலோமீட்டரில் போயிருந்தால் மொத்தத் தடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். ஏறக்குறைய 50 லிட்டர் மிச்சம். விலை? போக வரச் சேர்த்து இரண்டேகால் மணி நேரம். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

யார் சொல்லியிருக்க வேண்டும்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் புதுக் கார் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் எண், இபிஏ என்கிற சுற்றுச்சூழல் முகமை வகுத்த சோதனையிலிருந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டுகிறார்கள். அதில் நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் 48 மைல் (77 கிலோமீட்டர்). நிஜ உலகோடு பொருந்தவில்லை என்று 2008 மாடல்களிலிருந்து அதிவேகம், ஏசி, கடுங்குளிர் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். நல்ல காரியம். டிரெய்லரை மட்டும் சேர்க்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சுமையோடு சேர்த்து 8,500 பவுண்டு (3,855 கிலோ) எடை வரம்பைத் தாண்டும் கனரக பிக்கப்புகளுக்கு இந்த மைலேஜ் எண்ணே கட்டாயமில்லை. அதாவது, இழுப்பதற்கென்றே வாங்கப்படும் வண்டிகளுக்கு இழுக்கும் மைலேஜும் கிடையாது, இழுக்காத மைலேஜும் கிடையாது.

சரி, இழுக்கும் சோதனையே நடப்பதில்லையா? நடக்கிறது, அமர்க்களமாக! எஸ்ஏஇ என்கிற பொறியாளர் சங்கம் 2008-ல் ஜே2807 என்று ஒரு தரநிலை வெளியிட்டது. 2011 மாடல்களுக்கு டொயோட்டா முதலில் ஏற்றது, மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். அரிசோனாவின் டேவிஸ் அணைப் பக்கம், 38 டிகிரி வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, முழுச் சுமையோடு 18 கிலோமீட்டர் ஏற்றம் ஏற வேண்டும். சாதாரண பிக்கப் என்றால் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சோதனை டிரெய்லரின் முகப்பரப்பு குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்றுகூட அதில் விதி உண்டு. அப்படியென்றால் காற்றின் பங்கு இவர்களுக்குத் தெரியும்! இத்தனை ஏற்பாட்டோடு மலை ஏற்றிவிட்டு, எத்தனை லிட்டர் எரிந்தது என்பதை மட்டும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. மார்க் ஷீட்டில் பாஸ் என்று போட்டு மதிப்பெண்ணை அழித்துக் கொடுப்பது போல.

சரக்கு விஷயத்தில் இதே நாடு விழித்துக்கொண்டுவிட்டது. நெடுஞ்சாலையில் போகும் நீளமான லாரிப் பெட்டிகளின் அடியில் பாவாடை மாதிரித் தகடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றைக் குறைக்கத்தான். 53 அடிப் பெட்டிகளுக்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கும் விதியைக் கலிபோர்னியா 2008-லேயே கொண்டுவந்தது. சோப்பும் சோளமும் போகிற பெட்டிக்குக் காற்றுக் கணக்கு உண்டு. குடும்பம் போகிற பெட்டிக்குக் கிடையாது.

வடிவம் தெரியாமலும் இல்லை. 1934-லேயே ஹாலி போலஸ் என்பவர் மழைத்துளி போன்ற அலுமினிய டிரெய்லர் செய்தார். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டியதில் பங்கெடுத்தவர் அவர். 1936-ல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வந்தது. தொண்ணூறு வருஷம் கழித்தும் பெரும்பாலான டிரெய்லர்கள் டப்பா வடிவில்தான் வருகின்றன. டப்பா செய்வது மலிவு, உள்ளே இடமும் அதிகம். பெட்ரோல் எண் விலைச்சீட்டில் இல்லாதவரை, வாங்குபவர் இடத்தைத்தான் பார்ப்பார், காற்றையா பார்ப்பார்?

இந்த மூடி மறைப்பு 2021, 2022-ல் மின்சார பிக்கப்புகள் வந்தபோது அம்பலமானது. டிரெய்லர் மாட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் "ரேஞ்ச் பாதியாகிவிட்டது" என்று அலறினார்கள். எல்லோரும் மின்சாரத்தைத் திட்டினார்கள். ஐயா, பெட்ரோல் வண்டியிலும் பாதிதான் ஆகிறது! ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டுப் போவதால் உறைக்கவில்லை, அவ்வளவுதான். சார்ஜருக்கு முன்னால் டிரெய்லரைக் கழற்றிவைத்துக் காத்திருக்கும்போதுதான் உறைக்கிறது.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது வந்த பதில்கள் மூன்று.

"ஒவ்வொரு டிரெய்லரும் வேற மாதிரிடா, எந்த எண்ணைப் போடுவான்?" ஒவ்வொரு ஓட்டுநரும்தான் வேற மாதிரி. அதற்காகக் கார் மைலேஜ் போடாமல் இருக்கிறார்களா? ஜே2807 டிரெய்லரையே மாட்டி, சமதளத்தில், 65 மைலில் ஒரு எண், 55 மைலில் ஒரு எண் போடட்டும். ஒப்பிட அது போதும்.

"அனுபவசாலிகளுக்கு இது தெரியுமே." தெரியும். ஒவ்வொருவரும் முதல் தடவை காசு கொடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்ன விதி?

"டிரெய்லர் வாங்கறவனுக்குப் பெட்ரோல் ஒரு கணக்கா?" வாடகை கட்ட முடியாமல் டிரெய்லரிலேயே குடும்பம் நடத்துபவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 2022 ஜூனில் பெட்ரோல் சராசரி விலை முதன்முறையாக காலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது அவர்களிடம் போய் இதைக் கேட்டிருக்கலாம். எங்கள் மளிகைக் காசு நண்பனிடமும் கேட்கலாம்.

அந்த எண் வரும்வரை கைக்கணக்கு இதுதான்: வண்டியின் நெடுஞ்சாலை மைலேஜைப் பாதியாக்கி அதில் பட்ஜெட் போடுங்கள். டிரெய்லர் எடுக்கும்போது எடையோடு உயரத்தையும் கேளுங்கள். கூரையை மடக்கும் ரகம் கிடைத்தால் அதை எடுங்கள். 55 மைலில் போங்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குச் சட்டமே அதுதான். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்கள் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கப் போவதில்லை.

பி.கு: நண்பனுக்குக் கொடுக்க வேண்டியதை இரண்டு தவணையில் கொடுத்து முடித்துவிட்டேன். அடுத்த பயணத்துக்கும் நான்தான் கணக்குப்பிள்ளையாம். இந்த முறை பாதியில் ஆரம்பிக்கிறேன்.