அது ஏன் அங்க இருக்கு மச்சி?

"வெயிட் ரிடக்‌ஷன் ப்ரோ! சவுண்ட் இன்சுலேஷன் மொத்தத்தையும் உருவிட்டேன். பத்து ஹார்ஸ்பவர் ஏறின மாதிரி இருக்கு."

"பானெட் பின்பக்கம் ரெண்டு வாஷர் குடுத்து தூக்கி விடு. இன்ஜின் நல்லா மூச்சு விடும்."

"தெர்மோஸ்டாட்டா? நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குடா? நீ என்ன காஷ்மீர்லயா ஓட்டப் போற?"

கார் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா இந்த மூணு டயலாக்கும் கட்டாயம் வரும். ஹாஸ்டல் மெஸ், ஒர்க்‌ஷாப் வாசல், காலேஜ் எதிர்ல இருக்கிற டீக்கடைன்னு இடம் எதுவா இருந்தாலும் சரி. நானும் அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான். அதனால "ஜோக் அடிக்காதீங்க"ன்னு அட்வைஸ் பண்ண வரல. அந்த ஜோக் யாருக்குப் புரியுது, யாருக்குப் புரியலங்கிறதுதான் என் பிரச்சனை.

இன்சுலேஷனைக் கழட்டினா என்ன ஆகும்னு தெரிஞ்சவனுக்கு அது ஜோக். தெரியாதவனுக்கு அது செய்முறை விளக்கம். வீட்டுல அப்பாவோட பழைய கார் சும்மா நிக்குது, கையில ஒரு ஸ்பானர் செட் இருக்குன்னா ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பிக்கு வேற என்ன வேணும்? அவனுக்காக இந்த மூணு ஜோக்கையும் ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் ஜோக்: வெயிட்

900 கிலோ ஹேட்ச்பேக் ஒண்ணு எடுத்துக்குவோம். கார்பெட், அதுக்கு அடியில இருக்கிற ஃபெல்ட், டேம்பிங் ஷீட் எல்லாத்தையும் ரெண்டு நாள் உட்கார்ந்து சுரண்டி 10 கிலோ எடுத்தாச்சுன்னு வெச்சுக்குவோம். மொத்த வெயிட்ல அது சுமார் 1 சதவீதம். ஜீரோவுல இருந்து நூறுக்கு 12 செகண்ட் எடுக்கிற கார்ல தோராயமா 0.1 செகண்ட் குறையும். ஸ்டாப்வாட்சை அமுக்குற விரல்லயே அதை விட அதிக எர்ரர் இருக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. 37 லிட்டர் டேங்க் ஃபுல்லா இருந்தா பெட்ரோல் மட்டுமே சுமார் 27 கிலோ. அரை டேங்க் போட்டு ஓட்டினாலே 13 கிலோ மிச்சம். பின் சீட்ல உட்கார்ந்து பாட்டை மாத்தச் சொல்லி உயிரை எடுக்கிற நண்பனை இறக்கி விட்டா 65 கிலோ. எதையுமே சுரண்டத் தேவையில்ல.

சரி, கழட்டினதால என்ன போச்சு? "சவுண்ட் இன்சுலேஷன்"னு பொத்தாம்பொதுவா சொல்றோமே, அதுக்குள்ள மூணு வேற வேற வேலை நடக்குது. தகரத்துல ஒட்டியிருக்கிற தார் மாதிரியான ஷீட் அந்தத் தகரம் அதிராம பார்த்துக்குது. அடிச்ச தட்டு மேல கையை வெச்சா சத்தம் உடனே அடங்குமே, அதே கதைதான். ஃபெல்ட்டும் ஃபோமும் காத்துல வர்ற சத்தத்தை உறிஞ்சுது. ஃபயர்வால் மேல இருக்கிற கனமான ரப்பர் லேயர், இன்ஜின் சத்தம் உள்ள வராம மறிச்சு நிக்குது. மூணுல ஒண்ணை எடுத்தா மத்த ரெண்டும் அதோட வேலையைச் செய்யாது. அதோட டெசிபல் ஒரு லாக் ஸ்கேல். 10 டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா கேட்கும்.

அதே மெட்டீரியல் சூட்டையும் தடுக்குதுங்கிறது பல பேருக்கு ஞாபகம் வர்றதில்ல. காலுக்குக் கீழ எக்ஸாஸ்ட் பைப் போகுது. ஃப்ளோர்ல இருக்கிறதை உருவிட்டு மே மாசம் திருச்சி ஹைவேயில ஓட்டிப் பாருங்க. ஏ.சி. ஃபுல்லா வெச்சாலும் பாதம் மட்டும் தோசைக்கல்லுல இருக்கும்.

இந்தக் குடும்பத்துல இன்னொருத்தர் இருக்கார், எக்ஸாஸ்ட் மேல இருக்கிற ஹீட் ஷீல்ட். போல்ட் துருப்பிடிச்சு "கடகட"ன்னு சத்தம் போடும். "தகரம்தானே, வெட்டிப் போடு"ன்னு சொல்லிடுவாங்க. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஓட்டத்துல பல நூறு டிகிரிக்குப் போகும். நம்ம கிராமத்து ரோட்டுல அறுவடை சமயத்துல கொள்ளு, உளுந்துச் செடியெல்லாம் வண்டி ஏறி மிதிக்கட்டும்னு பரப்பி வெச்சிருப்பாங்க. காய்ஞ்ச செடி அடியில சுத்திக்கிட்டா தீப்பிடிக்கும். அந்தச் செடிக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவுல இருக்கிறது இந்தத் தகரம்தான்.

ரெண்டாவது ஜோக்: வாஷர்

பானெட்டோட பின் விளிம்பைத் தூக்கி விட்டா சூடான காத்து அந்த வழியா வெளிய போகும். கேட்கிறப்போ லாஜிக்கா இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது அது ஓரளவு உண்மையும் கூட, சூடான காத்து மேலதான் ஏறும்.

ஆனா வண்டி ஓட ஆரம்பிச்சதும் கதை மாறிடும். எதிர்ல வர்ற காத்து விண்ட்ஷீல்ட் கண்ணாடியில மோதி வேகம் குறையுது. வேகம் குறைஞ்சா பிரஷர் ஏறும். நம்ம எல்லாரும் செகண்ட் இயர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல எழுதின பெர்னோலிதான். அதனால கண்ணாடிக்கு அடியில, பானெட் முடியிற இடம் ஹை பிரஷர் ஏரியா. அங்க வழி விட்டா காத்து வெளிய வர்றதுக்குப் பதிலா உள்ள தள்ளும். 1969 ஷெவ்ரோலே கமாரோவுக்கு வந்த "கவ்ல் இண்டக்‌ஷன்" பானெட் இதே ஹை பிரஷரை நம்பித்தான் பின்பக்கம் திறந்து இருந்தது. இன்ஜினுக்கு காத்தை உள்ள இழுக்க! நம்ம ஆளு அதே இடத்துல வாஷர் வெச்சு சூட்டை வெளிய அனுப்பப் பார்க்கிறான்.

ரேடியேட்டர் வழியா காத்து போகணும்னா முன்னாடி பிரஷர் அதிகமாவும் பின்னாடி கம்மியாவும் இருக்கணும். இன்ஜின் ரூமுக்குள்ள பின்பக்கமா காத்தைத் தள்ளினா அந்த வித்தியாசம் குறையும், கூலிங்கும் குறையும். அது மட்டுமில்ல, ஏ.சி.க்கு வெளிக்காத்து எடுக்கிற ஓட்டையும் பெரும்பாலான கார்ல அங்கதான் இருக்கு. பானெட் பின் விளிம்புல ஒரு ரப்பர் பீடிங் இருக்குமே, இன்ஜின் சூடும் ஆயில் வாடையும் கேபினுக்குள்ள வராம அதுதான் அடைச்சு வெச்சிருக்கு. வாஷர் வெச்சவன் அந்த சீலையும் சேர்த்துத் தூக்கிட்டான்.

மூணாவது ஜோக்: தெர்மோஸ்டாட்

இதுல நம்ம ஊருக்கு நீண்ட வரலாறு இருக்கு. எத்தனையோ பழைய வண்டிகள்ல தெர்மோஸ்டாட் இருந்த இடம் காலியா இருக்கும். "எடுத்துட்டேன் தம்பி, இனிமே ஹீட் ஆகாது"ன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லுவார்.

அவரை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அவர்கிட்ட காரணம் இருந்தது. கூலன்ட்டுக்குக் காசு செலவு பண்ணாம போர் தண்ணியை ஊத்தி ஊத்தி உள்ள உப்பும் துருவும் படிஞ்சு, தெர்மோஸ்டாட் மூடின நிலையிலயே சிக்கி, நடு ரோட்டுல வண்டி ஆவி விட்டுட்டு நிக்கும். புது பார்ட் கிடைக்காத ஊர்ல அதைக் கழட்டிட்டு வண்டியை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது நல்ல முதலுதவி. கட்டு போட்டதை வைத்தியம் முடிஞ்சதுன்னு நாமதான் நினைச்சுக்கிட்டோம்.

தெர்மோஸ்டாட்டுக்குள்ள இருக்கிறது ஒரு மெழுகு. பல கார்கள்ல 82-ல இருந்து 88 டிகிரிக்குள்ள அது விரிஞ்சு வால்வைத் திறக்கும். அதுவரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்தும், இன்ஜின் சீக்கிரம் சூடாகும். 40 டிகிரி வெயில் நமக்குத்தான் அக்னி நட்சத்திரம். 85 டிகிரியில வேலை செய்யணும்னு டிசைன் பண்ணின இன்ஜினுக்கு அது ஏ.சி. ரூம். அதனால "சூடான ஊருக்கு தெர்மோஸ்டாட் தேவையில்ல"ங்கிற வாதம் அங்கயே அடிபட்டுப் போகுது.

எடுத்துட்டா என்ன ஆகும்? இன்ஜின் எப்பவும் அரைகுறை சூட்டுல ஓடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்ல "இன்னும் கோல்டா இருக்கு"ன்னு இ.சி.யூ. நினைச்சுக்கிட்டு கூடுதலா பெட்ரோல் தெளிக்கும். மைலேஜ் போச்சு. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலக்கும், தேய்மானம் கூடும். இதை விடப் பெரிய காமெடி, சில இன்ஜின்கள்ல தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்யும். அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும். சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப இன்ஜினுக்குள்ள போகும். ஹீட் ஆகக் கூடாதுன்னு கழட்டினவனுக்கு ஹைவேயில ஹீட் ஆகும்!

"அப்போ ரேஸ் கார்ல எல்லாம்?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். நியாயமான கேள்வியும் கூட. 1973 போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 காரை எடுத்துக்குவோம். அதோட ஸ்போர்ட் வெர்ஷன் 960 கிலோ, டூரிங் வெர்ஷன் 1,075 கிலோ. பின் சீட்டு, கடிகாரம், சவுண்ட் இன்சுலேஷன்னு கழட்டித் தள்ளினாங்க. ஆனா அதோட நிறுத்தல. மெல்லிசான தகரம், மெல்லிசான கண்ணாடி, பின்பக்கம் லிஃப்டைக் குறைக்க வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர்னு மொத்தக் காரையும் யோசிச்சுச் செஞ்சாங்க. எதை எடுக்கிறோம், பதிலுக்கு என்ன இழக்கிறோம்னு தெரிஞ்சு எடுத்தாங்க.

இன்னொரு விஷயம். மொத்தம் தயாரான 1,580 கார்ல சுமார் 1,300 டூரிங் வெர்ஷன்தான். அதாவது, காசு குடுத்து வாங்கின பெரும்பாலான ஆளுங்க "அந்த கார்பெட்டைத் திரும்பப் போட்டுக் குடுங்கப்பா"ன்னு கேட்டிருக்காங்க.

நம்ம காலேஜ் லெவலுக்கே வருவோம். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்கிற ஃபார்முலா பாரத்துக்கு டீம்கள் கொண்டு வர்ற கார்ல கார்பெட் கிடையாது. ஆனா டிரைவருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஃபயர்வால் இல்லாம டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷன் தாண்ட முடியாது. சத்தம் லிமிட்டைத் தாண்டினா டிராக்ல இறங்கவே முடியாது. ரேஸ் காருக்கே இந்த ரூல் இருக்கு.

நாம கழட்டுறது, அவங்களுக்குக் கிடைக்காதது

"சும்மா ஜோக்குக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?"ன்னு கேட்கலாம். எனக்கு இதுல உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு.

நாம ஃபன்னுக்காக உருவிப் போடணும்னு பேசுற அதே ஃபெல்ட்டும் ஃபோமும், நாம தினமும் காலேஜுக்கு வர்ற டவுன் பஸ்ல இருக்கான்னு கவனிச்சிருக்கீங்களா? இன்ஜின் முன்னாடி இருக்கிற பஸ்ல டிரைவர் அண்ணனோட இடது பக்கத்துல இன்ஜின் பாக்ஸ். கூட்ட நேரத்துல நாமளே அது மேல உட்கார்ந்து, சூடு தாங்காம புத்தகப் பையை அடியில போட்டிருக்கோம். நமக்கு அது அரை மணி நேரம், அவருக்கு முழு ஷிஃப்ட். பல பஸ்ல அந்த மூடி மேல இருக்கிற ரெக்சின் கிழிஞ்சு, உள்ள இருக்கிற ஃபோம் உதிர்ந்து, ஓரத்துல ரப்பர் இல்லாம ஆடிக்கிட்டு இருக்கும்.

அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு ஒரு கணக்கு வெச்சிருக்கு. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும். 88-ல 4 மணி நேரம், 91-ல 2 மணி நேரம். காதுல போனது திரும்ப வராது. அந்த சீட்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு இன்சுலேஷன் லக்சுரி கிடையாது, வேலை செய்யிற இடத்துப் பாதுகாப்பு. அதைக் கழட்டுறதா வேணாமாங்கிற சாய்ஸ் அவர்கிட்ட இல்ல. நம்மகிட்ட இருக்கு, அதை வெச்சு நாம ஜோக் அடிக்கிறோம்.

நாளைக்கு நம்மள்ல சில பேர் ஒரகடத்துலயோ மகிந்திரா சிட்டியிலயோ என்.வி.எச். டீம், தெர்மல் டீம்னு உட்காரப் போறோம். அங்க ஒரு நாள் காஸ்ட் கட்டிங் மீட்டிங் நடக்கும். "இந்த ஃபோம் எதுக்கு? எடுத்துடலாமா?"ன்னு ஒருத்தர் கேட்பார். அன்னைக்கு அது ஜோக்கா இருக்காது. அது என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்ச ஒருத்தராவது அந்த ரூம்ல இருக்கணும்.

அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் தேடி அலையிற ஜூனியர்களுக்கு ஒரு ஐடியா, இலவசமா தர்றேன். ரெண்டு தெர்மோகப்பிள், ஒரு சவுண்ட் லெவல் மீட்டர் எடுத்துக்கோங்க. டிப்போவுல பர்மிஷன் வாங்குங்க. ஒரு டவுன் பஸ் டிரைவர் சீட்ல ஒரு முழு ஷிஃப்ட் அளந்து பாருங்க. அப்புறம் அந்த இன்ஜின் பாக்ஸ் மூடிக்கு புது ஃபோமும் ஓரத்துக்கு ரப்பர் பீடிங்கும் போட்டு திரும்ப அளங்க. எவ்வளவு டிகிரி, எவ்வளவு டெசிபல் குறைஞ்சதுன்னு ஒரு டேபிள் போட்டா வைவாவுக்கு அது போதும். அந்த மூடி அப்படியே அந்த பஸ்லயே இருக்கட்டும்.

அப்புறம் டீக்கடையில எவனாவது "கழட்டிப் போடு மச்சி"ன்னு ஆரம்பிச்சா தாராளமா சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு, பக்கத்துல சிரிக்காம சீரியஸா தலையாட்டிக்கிட்டு இருக்கிற ஃபர்ஸ்ட் இயர் தம்பிகிட்ட அந்த பார்ட் என்ன பண்ணுதுன்னு ரெண்டு நிமிஷம் சொல்லிக் குடுங்க. அவங்க அப்பா கார் பிழைச்சுக்கும்.