தாத்தாவின் புரொப்பெல்லரும் நம் ஆய்வுச் சோம்பலும்

அண்மையில் ஹைதராபாத்தில் நடந்த கருத்தரங்கொன்றில் வாய்மொழி வரலாறு குறித்த கட்டுரை வாசிக்கப்பட்டது. திரையில், நடுவே கடிகாரம் பதித்த மரப் புரொப்பெல்லர். முதல் உலகப்போரில் பிரான்சின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட தாத்தாவின் விமானத்தில் எஞ்சியது அது என்பது குடும்பத்தின் கூற்று. அடுத்த படத்தில், குடத்தின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகள் துலக்கமாகவே தெரிந்தன: ஜிப்ஸி மேஜர். கட்டுரையாளர் அதைப் படிக்கவில்லை. கைதட்டிய அவையும் படிக்கவில்லை.

ஜிப்ஸி மேஜர், டி ஹாவிலண்ட் நிறுவனம் 1932இல் வெளியிட்ட எஞ்சின். போர் முடிந்ததோ 1918இல்.

இதைச் சொன்னபோது கிடைத்த மறுமொழி: “சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்வது வன்முறை.” அப்படியானால் அந்தக் குடத்தில் எஃகு அச்சால் எழுத்தடித்த பட்டறைத் தொழிலாளியின் சாட்சியம் எந்தக் கணக்கில் சேரும்? வரைபட எண், எஞ்சின், குதிரைத்திறன், விட்டம், ஒரு சுற்றுக்குக் கணக்கிட்ட முன்னேற்றம் ஆகியவற்றைப் பொறித்துவைப்பது அன்றைய பிரிட்டிஷ் பட்டறைகளின் வழக்கம். ஓலைச்சுவடியில் ஓர் எழுத்துப் பிழைக்காக நாற்பது பக்கம் எழுதும் நாம், மரத்தில் இருப்பதை மட்டும் அலங்காரமாகக் கொள்வது ஏன்?

மரமும் பேசும். எஞ்சினில் பொருத்தி முடுக்கிய குடத்தின் முகப்பில் இரும்புத் தட்டு அழுந்திய தடம் இருக்கும். அத்தடம் இல்லையேல் அது பறக்காத உதிரியாகவோ வெறும் அலங்காரப் பொருளாகவோ இருக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையில் மோதினால் மர இறக்கைகள் சிதறிவிடும். கீறலின்றி முழுசாக நிற்கும் புரொப்பெல்லரை ‘வீழ்ந்த விமானத்தினது’ என்று ஏற்குமுன், எஞ்சின் நின்ற நிலையில் இறங்கியதா என்றாவது கேட்க வேண்டாமா? நுனியின் உலோக உறையிலிருந்த சிறு துளைகள் குண்டு பாய்ந்தவையாம்! ஈரம் வெளியேறுவதற்கென்றே இடப்படும் துளைகள் அவை.

குடும்பத்தார்மீது எனக்குக் குறையில்லை. நினைவு அப்படித்தான் வளரும். சினம் நம்மீதுதான். இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக் என அப்போரில் பறந்த இந்தியர் மிகச் சிலரே. அவர்களுக்குப் பதிவுகள் உண்டு. அந்த வரிசையில் இன்னொருவரைப் பொறுப்பின்றிச் சேர்த்தபோது, இந்தத் தாத்தாவின் உண்மையான வாழ்வை அழித்தோம். இரண்டாம் உலகப்போரின்போது பேகம்பேட்டைப் பயிற்சிப் பள்ளியில் பறந்த டைகர் மாத் விமானங்களில் இருந்தது இதே ஜிப்ஸி மேஜர்தான். அவர் அங்கே பயிற்சி பெற்றாரா, எஞ்சின் பழுது பார்த்தாரா, ஏலத்தில் வாங்கினாரா? கருத்தரங்கு நடந்த அதே நகரில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

கட்டுரை நூலாக வரப்போவதாகக் கேள்வி. படத்துக்காக அந்தப் புரொப்பெல்லரைத் தேய்த்து வார்னிஷ் பூசப்போகிறார்களாம். அதற்குமுன் யாரேனும் குடத்தின் எழுத்துகளை முழுமையாகப் படியெடுத்துவிடுங்கள்.